சிலாங்கூர் பழைய பிளேயர்ஸ்: உங்க மனச விட்டு போகாதவர் யாரு?

செந்தூல்_மேராகூனிங்:

வணக்கம் எல்லாருக்கும். ஷா ஆலம் ஸ்டேடியத்த இடிக்கிற படம் வாட்ஸாப்ல சுத்திகிட்டே இருக்கு, ஒவ்வொரு தடவ பாக்கும்போதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுது. 1994ல தொறந்தது, 80,000 பேரு உக்காந்து பாத்த எடம், நான் மொத மொத நம்ம சிலாங்கூர் ஃபுட்பால் டீம நேர்ல பாத்ததும் அங்கதான். சரி, கட்டடம் போனா இன்னொன்னு வரும். எனக்கு கவலையா இருக்கறது வேற. இங்க இருக்கற பெரியவங்க மனசுல இருக்கறத எல்லாம் யாரும் எங்கயும் எழுதி வெக்கல. 70கள்ல நடந்த மேட்ச்ல பாதிக்கு மேல வீடியோவே கெடைக்காது, பேப்பர்ல நாலு வரி வந்திருக்கும் அவ்ளோதான், மிச்சம் எல்லாம் பாத்தவங்க தலைக்குள்ள தான் இருக்கு. அவங்களும் போயிட்டா அந்த பிளேயர்ஸ் எப்படி ஓடினாங்க எப்படி நின்னாங்கன்னு சொல்ல ஆளே இல்ல.

அதனால கேக்கறேன், நம்ம டீம்ல விளையாடிட்டு போனவங்கள்ல உங்களுக்கு யார மறக்கவே முடியல, ஏன்? கோல் கணக்கு வேணாம், அத எங்கயாவது தேடிக்கலாம். நீங்க பாத்தத சொல்லுங்க.

என்னுது நானே ஆரம்பிக்கறேன். எனக்கு 2005 டீம்தான். அந்த வருசம் நாம பிரீமியர் லீக்ல இருந்தோம், மேல சூப்பர் லீக்ல கூட இல்ல, அப்படி இருந்தும் லீக், எஃப்ஏ கப், மலேசியா கப் மூணையும் தூக்கினோம். பாம்பாங் பமுங்காஸ் பைனல்ல பெர்லிஸ் மேல மூணு கோல் போட்டாரு, 3-0. எல்லாரும் அவர பத்திதான் பேசுவாங்க, நியாயம்தான், அந்த ஆளு குதிச்சு ஹெட் பண்ணா பக்கத்துல இருக்கற டிபெண்டர விட ஒரு தலை ஒசரமா தெரிவாரு, உண்மையில பாத்தா அவ்ளோ ஒசரமான ஆளு கெடையாது. ஆனா எனக்கு எலி அய்போய். பப்புவா ஆளு, விங்ல. பந்து அவருகிட்ட போனாலே நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாம் தானா எந்திரிச்சிடுவாங்க, ஏதோ நடக்கப் போவுதுன்னு. ரெண்டு பேரும் இந்தோனேசியாக்காரங்க, புக்கிட் ஜாலில்ல இந்தோனேசியா நம்ம நாட்டோட மோதினப்ப எதிர்ல நின்னு விளையாடுவாங்க, அன்னிக்கு மட்டும் எனக்கு யார கத்தி திட்டறதுன்னு தெரியாம வாய மூடிகிட்டு உக்காந்திருப்பேன். அவ்ளோ பாசம் வெச்சிட்டேன்.

உங்களோடது சொல்லுங்க. அங்கள்மாருங்க கண்டிப்பா எழுதணும்.


மெர்டேக்கா_கேலரி:

தம்பி, இந்த கேள்விய கேட்டதுக்கே உனக்கு நன்றி சொல்லணும். எனக்கு ஒரே பேருதான். கீப்பர் ஆர். ஆறுமுகம்.

ஸ்பைடர்மேன்னு பேரு வெச்சாங்க, ஏன்னு நேர்ல பாத்தவங்களுக்கு தான் தெரியும். கை அவ்ளோ நீளம். கார்னர் வந்தா எல்லா கீப்பரும் கூட்டத்துக்குள்ள முட்டி மோதி ரெண்டு கையாலயும் குத்துவாங்க, இவரு கூட்டத்துக்கு மேல கைய நீட்டி பந்த அப்படியே எடுத்துக்குவாரு. மெர்டேக்கா ஸ்டேடியத்துல கோலுக்கு பின்னால இருக்கற கேலரியில தான் நாங்க நிப்போம், கையில கச்சாங் பூத்தே பொட்டலம், ஒரு பக்கம் மலாய்க்கார பசங்க, மறுபக்கம் பூடுவுல இருந்து வந்த சீனவங்க, எல்லாரும் சேந்து "ஆறு, ஆறு"ன்னு கத்துவோம், சீனவங்க வாயில அந்த பேரு வேற மாதிரி வரும், இருந்தாலும் கத்துவாங்க. எங்க ஆளு ஒருத்தர் பேர முழு ஸ்டேடியமும் கூப்பிடறத கேட்டா அந்த வயசுல நெஞ்சு எப்படி இருக்கும்னு நெனச்சு பாரு.

நான் தோட்டத்துல பொறந்து வளந்தவன், கிள்ளான் பக்கம். சாயங்காலம் ரப்பர் பால் வேல எல்லாம் முடிஞ்சு திடல்ல பந்து விளையாடுவோம். உலகத்துல எந்த திடல்லயும் பசங்க கோல் போடற எடத்துக்கு தான் அடிச்சுக்குவாங்க, கீப்பரா நிக்க ஆள் கெடைக்காது, கடைசியில ஒரு சின்ன பையன புடிச்சு நிறுத்துவாங்க. எங்க தோட்டத்துல தலைகீழ். கீப்பரா நிக்க தான் சண்டையே. "நாந்தான் ஆறுமுகம்"னு. முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு போயி வீட்டுக்கு வருவோம், அம்மாங்க திட்டுவாங்க, மறுநாள் அதே சண்டை. ஒரு கீப்பர் ஒரு ஊரு பசங்கள அப்படி மாத்தினாருன்னா அவரு சாதாரண ஆளு இல்ல.

1980 ஏப்ரல்ல மாஸ்கோ ஒலிம்பிக் தகுதி மேட்ச், தென் கொரியாவோட, மெர்டேக்காவுல. அதே டோர்னமெண்ட்ல ஏற்கனவே அவங்கள 3-0ல அடிச்சிட்டோம், அதனால வஞ்சம் தீக்க வந்த மாதிரி விளையாடினாங்க. 1-1ல நிக்குது, ஒவ்வொரு தடவ கொரியாக்காரன் பந்த உள்ள தூக்கிப் போடும்போதும் எங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது, அந்த நீட்டு கை மட்டும் மேல தெரியும், பந்து அதுல போயி அடங்கும், மூச்சு திரும்ப வரும். அப்புறம் ஹசான் சானி விங்ல ஓடிப் போயி குடுத்தாரு, ஜேம்ஸ் வோங் அடிச்சாரு, 2-1. அன்னிக்கு ராத்திரி ஸ்டேடியத்த விட்டு வெளிய வந்த கூட்டத்துல யாரு யார கட்டிப் புடிச்சாங்கன்னு கணக்கே இல்ல. ஜெயிச்சும் மாஸ்கோ போகல. சோவியத்துக்காரன் ஆப்கானிஸ்தான்ல பூந்ததுக்காக நம்ம நாடும் புறக்கணிச்சிடுச்சு. அரசாங்கத்துக்கு அதுக்கு காரணம் இருந்துச்சு, எனக்கு புரியுது, ஆனா அந்த டீம்ல இருந்தவங்களுக்கு இன்னொரு ஒலிம்பிக் வரவே இல்ல, அத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

1988 டிசம்பர்ல கார் ஆக்சிடெண்ட்ல போயிட்டாரு. 35 வயசு. 86ல நாம ஜொகூர 6-1ல அடிச்சு மலேசியா கப் எடுத்து ரெண்டே வருசம் தான் ஆவுது. நியூஸ் வந்த அன்னிக்கு எங்க தோட்டத்துல கோயில் திருவிழா வேல நடந்துகிட்டு இருந்துச்சு, மைக்க நிறுத்திட்டாங்க. யாரும் சொல்லி நிறுத்தல.


பூச்சோங்_பையன்:

அங்கள் செம்ம. எனக்கு 22 வயசு தான், ஆறுமுகம் பேரு ஸ்கூல்ல ஏதோ ஒரு போஸ்டர்ல பாத்தது, அவ்ளோதான் தெரியும். கீப்பரா நிக்க சண்ட போட்டாங்கன்னு படிச்சப்பதான் அவரு எவ்ளோ பெரிய ஆளுன்னு புரிஞ்சிச்சு. நானும் கீப்பர்தான், எங்க தாமான்ல புட்சால். அவரு கிளவுஸ் போட்டு விளையாடினாரா, பெனால்டிக்கு எப்படி நிப்பாரு, இதெல்லாம் ஞாபகம் இருந்தா எழுதுங்க அங்கள், உண்மையா தெரிஞ்சுக்கணும்.

மொக்தார் டஹாரிய பத்தியும் யாராச்சும் சொல்லுங்க, சூப்பர்மோக்னு பேரு மட்டும்தான் எங்க ஜெனரேஷனுக்கு தெரியும், அவரு பேர்ல அகாடமி இருக்கு கம்பாங்ல.


ரவாங்_அக்கா:

மொக்தார பத்தி நான் எழுதறேன் தம்பி. நான் அவரு விளையாடி நேர்ல பாத்தவ இல்ல, எங்க அப்பா பாத்தவரு. ஆனா எங்க வீட்டுல அவர பத்தி பேசாத வாரம் கெடையாது, அதனால எனக்கும் பாத்த மாதிரியே இருக்கும்.

அப்பா சொல்லுவாரு, பெரிய ஒசரமெல்லாம் இல்ல, ஆனா தொடை ரெண்டும் மரக்கட்டை மாதிரி, ஓட ஆரம்பிச்சா தோள் குடுத்து நிறுத்த வர்றவன் தான் கீழ விழுவான். 1975ல ஆர்சனல் மெர்டேக்காவுக்கு வந்தப்போ 2-0, ரெண்டும் மொக்தார் கோல். ஆர்சனல்னா அப்ப எங்க அப்பாவுக்கு ரேடியோவுல கேட்ட பேரு, வெள்ளைக்காரன் டீம், அவன்கிட்ட கம்மியா வாங்கினாலே பெருசுன்னு நெனச்சுதான் போயிருக்காங்க. 1978ல இங்கிலாந்து பி டீம் வந்தப்போ, பாபி ராப்சன் கோச், மொக்தார் நம்ம பாதியில பந்த எடுத்து ஒருத்தன், ரெண்டாவது ஆளு, இன்னொருத்தன்னு தாண்டிகிட்டே போயி தூரத்துல இருந்தே அடிச்சாரு, 1-1. அந்த கோல அப்பா சாப்பாட்டு மேசையில உப்பு டப்பா, சம்பல் பாட்டில், டம்ளர் எல்லாம் வெச்சு எங்களுக்கு காமிப்பாரு. சம்பல் பாட்டில்தான் எப்பவும் மொக்தார்.

1991 ஜூலையில அவரு தவறினப்போ எனக்கு பதினோரு வயசு. 37 வயசுல ஒரு மனுசன், அதுவும் அப்படி ஓடின மனுசன், எப்படி போவாருன்னு அப்பாவுக்கு புரியவே இல்ல. தசை நோய்னு தான் அப்ப வெளிய சொன்னாங்க. மோட்டார் நியூரோன் நோய்னு வெளிய வந்தது ரொம்ப வருசம் கழிச்சு. கை கால் ஒவ்வொண்ணா அடங்கிப் போற நோய். நான் இப்ப ஆஸ்பத்திரியில வேல செய்யறேன், அந்த நோய் எப்படி போவும்னு எனக்கு தெரியும், அதனால அந்த பேர மொத தடவ படிச்சப்போ எனக்கு அழுக வந்துருச்சு. அப்பாகிட்ட விளக்கி சொன்னேன். அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு, கடைசி வரைக்கும் புத்தி தெளிவா இருக்குமான்னு. அனேகமா இருக்கும்னு சொன்னேன். அப்புறம் அவரு அத பத்தி பேசல.

என் சொந்த ஞாபகம் வேற ஒருத்தர். மெஹ்மெட் டுராகோவிச். பேரு சொன்னா நெறைய பேருக்கு கோச்சா தான் தெரியும், எனக்கு அவரு 95ல வந்த ஆஸ்திரேலியா டிபெண்டர். அந்த காலம் எப்படிப்பட்ட காலம்னு சின்னவங்களுக்கு சொல்லணும். 94, 95ல காசு வாங்கிகிட்டு மேட்ச விட்டுக் குடுத்த லஞ்ச விவகாரம் வெடிச்சு நாடு பூரா பிளேயர்ஸ கூப்பிட்டு விசாரிச்சாங்க, நெறைய பேரு விளையாட்டே முடிஞ்சு போச்சு. அப்பா கையெழுத்து வாங்கி வெச்சிருந்த பேருங்க கூட அதுல வந்துச்சு. மனுசன் ஒடஞ்சு போயிட்டாரு. "நாம வேர்வ சிந்தி சம்பாரிச்ச காசுல டிக்கெட் வாங்கி போனோம், அவன் நம்மள வித்துட்டான்"னு சொல்லி ஸ்டேடியம் பக்கமே போகறத விட்டுட்டாரு. இது நம்ம வீட்ல மட்டும் இல்ல, எங்க லைன்ல எத்தனையோ வீட்டுல நடந்துச்சு, அப்ப போன கூட்டம் அப்புறம் முழுசா திரும்பி வரவே இல்ல.

அப்பேர்ப்பட்ட நேரத்துல தான் இந்த ஆளு வந்தாரு. 86க்கு அப்புறம் நமக்கு மலேசியா கப்பே இல்ல. 95 பைனல் பஹாங்கோட, 1-0. அப்பா டிவி முன்னால கைய கட்டிகிட்டு, நம்ப மாட்டேன்ங்கற மாதிரி உக்காந்திருந்தாரு. ஒவ்வொரு பந்துக்கும் டுராகோவிச் தலையக் குடுக்கறாரு, விழறாரு, எந்திரிக்கறாரு, பக்கத்துல இருக்கறவன கத்தி எழுப்பறாரு. மேட்ச் முடிஞ்சதும் அப்பா சொன்னாரு, "இவன் விக்க மாட்டான்". அவரு வாயில அதுக்கு மேல பாராட்டு கெடையாது. 96, 97ன்னு தொடர்ந்து மூணு கப். 97ல அப்பா என்னையும் கூட்டிகிட்டு ஷா ஆலம் போனாரு, அப்ப எல்லாம் கேலரியில பொம்பள புள்ளைங்க ரொம்ப கம்மி, நம்ம புள்ளைங்க இன்னும் கம்மி, இருந்தாலும் கூட்டிகிட்டு போனாரு.

அதே ஆளு 2015ல கோச்சா வந்து நம்ம 33வது கப்ப வாங்கி குடுத்தாரு. விளையாடும்போதும் கப், கோச்சாவும் கப். அப்பா அத பாத்துட்டு தான் போனாரு.


தாவ்கே_5:

எல்லாரும் நல்லா எழுதறீங்க, ஆனா கீப்பர், ஸ்ட்ரைக்கர்னே போய்கிட்டு இருக்கு. நடுவுல நின்னவங்கள விட்டுடாதீங்க. சோ சின் ஆன், சந்தோக் சிங், இந்த ரெண்டு பேரும் இல்லன்னா ஆறுமுகத்துக்கு இன்னும் பத்து மடங்கு வேல இருந்திருக்கும், இத அங்களே ஒத்துக்குவாரு.

சோ சின் ஆன தாவ்கேன்னு ஏன் கூப்டாங்கன்னா முதலாளி மாதிரி தான் நிப்பாரு. ஓட மாட்டாரு, ஓட வேண்டிய அவசியமே வராது, பந்து எங்க வரும்னு முன்னாலயே அங்க இருப்பாரு. 72 மியூனிக் ஒலிம்பிக்லயும் இருந்தாரு, 80 டீம்லயும் இருந்தாரு, எவ்ளோ காலம் பாருங்க. மியூனிக்ல அமெரிக்காவ 3-0ல அடிச்சோம், எம். சந்திரனும் அந்த டீம்ல டிபெண்டர், சிலாங்கூர் ஆளு. சந்தோக் சிங் நேர் எதிர், செத்தாபாக் ஆளு, மோதி எடுக்கறவரு, அவருகிட்ட வந்து யாரும் சும்மா திரும்பி போனது இல்ல. ஒருத்தர் நிதானம், ஒருத்தர் வேகம். அப்படி ஒரு ஜோடி அதுக்கப்புறம் நமக்கு அமையல, நான் சொல்றத யாராச்சும் மறுத்தா பேரோட வாங்க, பேசலாம்.

இன்னொரு விசயம், கொஞ்சம் சூடான விசயம். விட்டுட்டு போனவங்கள இந்த லிஸ்ட்ல சேக்கலாமா? 86 டீம் எப்பேர்ப்பட்ட டீம், 6-1. அதுக்கப்புறம் சைனால் அபிடின் ஹசான், டோலா சாலே ரெண்டு பேரும் பஹாங்குக்கு போயிட்டாங்க. எனக்கு அப்ப அப்படி கோவம். நம்ம சட்டையில கோல் போட்டுட்டு அடுத்து மஞ்ச கறுப்பு சட்டையில வந்து நிக்கறத பாக்க முடியல. பஹாங் 92ல லீக்கும் கப்பும் சேத்து எடுத்தப்போ ஃபாண்டி அஹ்மட் கூட நம்ம பழைய ஆளுங்கதான் சிரிச்சிகிட்டு நின்னாங்க. இப்ப வயசாயிடுச்சு, பிளேயருக்கும் குடும்பம் இருக்கு, சம்பளம் வேணும், செமி புரோ காலம் வந்துருச்சு, யாரு கூட குடுத்தாலும் போகத்தான் செய்வாங்கன்னு புரியுது. ஆனா புரியறது வேற, நெஞ்சுல எடம் குடுக்கறது வேற. நான் இன்னும் சைனால் பேர சொல்லும்போது ஒரு நொடி நிப்பேன்.


செந்தூல்_மேராகூனிங்:

தாவ்கே அண்ணே, மன்னிக்கணும், டோலா விசயத்துல நான் உங்க கூட இல்ல. நான் மேல சொன்ன 2005 மூணு கப், அதுக்கு கோச் யாரு? டோலா சாலே. போனவரு திரும்பி வந்து, அதுவும் நாம ரெண்டாவது லீக்ல கெடந்தப்போ வந்து, தூக்கி நிறுத்தினாரு. எங்க வயசு ஆளுங்களுக்கு அவரு பஹாங் பிளேயரே கெடையாது, சிலாங்கூர் கோச். ஒரே மனுசன உங்க ஜெனரேஷன் கோவமாவும் எங்க ஜெனரேஷன் நன்றியாவும் பாக்குது, ரெண்டும் சரின்னு தான் எனக்கு தோணுது.


டத்தோ_கிராமாட்_நாசிகண்டார்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்கா. நான் பினாங்கு ஆளு, உங்க டீம் கெடையாது, இருந்தாலும் ஒரு ஓரமா நின்னு சொல்லிட்டு போறேன்.

சிட்டி ஸ்டேடியத்துக்கு சிலாங்கூர் வருதுன்னா அந்த வாரம் பூரா ஜார்ஜ்டவுன்ல வேற பேச்சே இருக்காது. எங்க தாத்தா காலத்துல இருந்து எங்களுக்கு சிலாங்கூர்னா புடிக்காது, ஆனா மொக்தார பாக்கறதுக்கு மட்டும் டிக்கெட் வாங்குவாங்க. எங்க பெரியப்பா சொல்லுவாரு, மொக்தார் கோல் போட்டா அடக்க மாட்டாம கை தட்டிட்டு, உடனே பக்கத்துல யாரு பாத்தாங்கன்னு திரும்பி பாப்பாங்களாம்.

எங்களுக்கும் ஆளு இருந்தாங்க அண்ணே. 74ல மலேசியா கப் எங்களுது, பைனல்ல பேராக்க அடிச்சு. சகாரூடின் அப்துல்லா, நமாட் அப்துல்லா அண்ணன் தம்பி, ஈசா பக்கார், அலி பக்கார் அண்ணன் தம்பி. பினாங்குல வயசானவங்ககிட்ட இந்த பேருங்கள சொன்னீங்கன்னா அப்புறம் ஒரு மணி நேரம் நீங்க எங்கயும் போக முடியாது, தே தாரிக் அவங்களே வாங்கி குடுத்து உக்கார வெச்சு பேசுவாங்க. அந்த 74க்கு அப்புறம் எங்களுக்கு இன்னும் மலேசியா கப் வரல. 77ல பைனல் வரைக்கும் போயி சிங்கப்பூர்கிட்ட 3-2ல தோத்தோம். உங்களுக்கு 33. எங்களுக்கு மொத்தமே நாலு. அதனால ஒவ்வொரு பழைய பிளேயரும் எங்களுக்கு எவ்ளோ பெருசுன்னு நீங்க புரிஞ்சுக்கணும்.

என் காலத்துல மெர்சாகுவா. மொரோக்கோ ஆளு. 2001ல நாங்க லீக் ஜெயிச்ச டீம்ல அவருதான் முன்னால. அடுத்த வருசம் எஃப்ஏ கப் பைனல்ல உங்களத்தான் அடிச்சோம், அத இங்க சொல்லாம போக மனசு வரல. எந்த நாட்டுல இருந்தோ வந்து எங்க ஊருல மார்க்கெட்டுக்கு போனா மீன்காரர் கூட பேர சொல்லி கூப்பிடற அளவுக்கு ஆனவரு.

அப்புறம் ஃபைஸ் சுப்ரி. 2016 பிப்ரவரி, பஹாங்கோட, சிட்டி ஸ்டேடியம். அந்த ஃப்ரீ கிக் அடிச்சப்போ நான் ஸ்டேடியத்துல இருந்தேன், பந்து ஒரு பக்கம் போகுது, கீப்பர் அந்த பக்கம் நகர்றாரு, பந்து நடு வழியில மனச மாத்திகிட்ட மாதிரி மறு பக்கம் திரும்பி மேல் மூலையில போயி விழுந்துச்சு. ஸ்டேடியத்துல ஒரு வினாடி யாரும் கத்தல, என்ன நடந்துச்சுன்னே புரியல. அதுக்கப்புறம் தான் சத்தம். அடுத்த ஜனவரியில சூரிக்ல புஸ்காஸ் விருது, வருசத்தோட சிறந்த கோலுக்கு ஃபிஃபா குடுக்கறது, பிரேசில் ரொனால்டோ கையால வாங்கினாரு. 59 விழுக்காட்டுக்கு மேல ஓட்டு, நானும் எங்க தெருவே சேந்து போட்டோம். மேடையில பேச வேண்டியத போன்ல தேடிகிட்டு நின்னாரு பாருங்க, அந்த நேரம் எனக்கு சொந்த தம்பி மேடையில நிக்கற மாதிரி தவிப்பு. ஊரே ஒரு ஆளா ஆன நாள் அது.


மெர்டேக்கா_கேலரி:

பினாங்கு தம்பி, நீ ஓரமா எல்லாம் நிக்க வேணாம், நடுவுல வா. சகாரூடின் அப்துல்லா பேர சொன்ன பாரு, அவரு பந்து எடுத்துகிட்டு நம்ம கோல் பக்கம் திரும்பினா நாங்க கச்சாங் சாப்பிடறத நிறுத்திடுவோம். மெர்டேக்கா டோர்னமெண்ட்ல நாட்டுக்கு விளையாடும்போது நம்ம ஆளு, கப்ல எதிரி, அப்படி தான் அந்த காலம்.

புட்சால் கீப்பர் தம்பி, நீ கேட்டியே, நான் பெனால்டி நேரத்துல கவனிச்சத சொல்றேன். மத்த கீப்பருங்க குதிப்பாங்க, கைய ஆட்டுவாங்க. ஆறுமுகம் ரெண்டு கையையும் லேசா விரிச்சு நிப்பாரு, அவ்ளோதான். அந்த கை நீளத்துக்கு கோலே சின்னதா தெரியும், அடிக்க வர்றவனுக்கு அத பாத்தே பாதி தைரியம் போயிடும்னு நாங்க பேசிக்குவோம். கேலரியில இருந்து பாத்தது தான், அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு அவருக்கு தான் தெரியும். நீ கீப்பரா இருந்தா ஒண்ணு செய், மேட்சுக்கு மொதல்ல போஸ்ட் ரெண்டையும் தொட்டு தூரம் பாத்துக்கோ, கை எங்க வரைக்கும் போவும்னு ஒடம்புக்கு தெரியணும்.

தாவ்கே, சோ சின் ஆன் சந்தோக் ஜோடிய பத்தி நீ சொன்னதுக்கு மறு பேச்சே இல்ல. சைனால் விசயத்துலயும் நான் உன் பக்கம்தான்.

மகளே, அப்பா சம்பல் பாட்டில மொக்தாரா வெச்சாருன்னு படிச்சிட்டு என் வீட்டுக்காரிகிட்ட காமிச்சேன். எங்க வீட்ல கிச்சாப் பாட்டில்.


காஜாங்_ஜெர்சி7:

பழைய பிளேயர்ஸ்னா விளையாடினத மட்டும் வெச்சு பேசணுமா? நம்ம சட்ட போட்டவங்க அப்புறம் என்ன செஞ்சாங்கங்கறதும் சேரும்னு நெனைக்கறேன், அதனால கே. ராஜகோபால் பேர நான் இங்க வெக்கறேன். சிலாங்கூருக்கு விளையாடினவரு, செத்தாபாக்ல பொறந்தவரு. நாட்டு டீமுக்கு கோச்சா இருந்து 2009 சீ கேம்ஸ்ல வியட்நாம 1-0ல அடிச்சு தங்கம், அடுத்த வருசம் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கப். டிசம்பர் 26 ராத்திரி புக்கிட் ஜாலில்ல நான் மேல் அடுக்குல இருந்தேன், இந்தோனேசியா மேல 3-0, சாஃபி சாலி ரெண்டு, அஷாரி ஒண்ணு. மூணு நாள் கழிச்சு ஜகார்த்தாவுல 2-1ல தோத்தும் கப் நம்மளுது. அந்த டீம்ல எஸ். குணாளன் விங்ல ஓடினத பாத்து எங்க தமிழ்ப்பள்ளி பசங்க எல்லாம் விங்தான் வேணும்னு கேட்டாங்க, அங்கள் ஆறுமுகத்துக்கு சொன்னாரே அதே மாதிரி. டிவி கேமரா ராஜகோபால் முகத்த காட்டினப்போ பெருசா குதிக்கல அந்த மனுசன், அமைதியா நின்னாரு. ஸ்டேடியத்துல எங்க வரிசையில இருந்த ஒரு மலாய்க்கார பெரியவர் என் தோள தட்டி "உங்க ராஜா"ன்னாரு, நான் "நம்ம ராஜா"ன்னேன்.

கே. தேவன் கோச்சா இருந்த 2009, 2010 லீக் கப்பையும் மறந்துடாதீங்க. அப்புறம் பி. சத்தியநாதன். 2018ல அவரு வந்தப்போ டீம் நெலம சரியில்ல, காசு பிரச்சனை வேற, அப்படி இருந்தும் பொறுப்ப எடுத்துகிட்டாரு. மேட்சுக்கு அப்புறம் பேட்டியில சுத்தி வளைக்காம நேரா பேசுவாரு, அதனால பல பேருக்கு அவர புடிக்காது, எனக்கு அதனால தான் புடிக்கும். 2023ல கேன்சர்ல போயிட்டாரு. அவரு இருந்திருந்தா நம்ம புள்ளைங்களுக்காக இன்னும் சத்தமா பேசியிருப்பாரு. பிஜே சிட்டி 2021ல பி. மணியம் கோச்சா வெளிநாட்டு ஆளே இல்லாம, நம்ம பசங்கள நெறைய வெச்சு சூப்பர் லீக்ல விளையாடினப்போ எவ்ளோ சந்தோசப்பட்டோம், 2022க்கு அப்புறம் அந்த டீமே இல்ல. இன்னிக்கு பதினஞ்சு வயசு பையன் ஒருத்தன் நல்லா விளையாடறான்னா அவன எங்க கொண்டு போயி விடறதுன்னு பெத்தவங்களுக்கு தெரியல, அவங்க கேட்டா எனக்கும் சரியா பதில் சொல்ல முடியல. இத பத்தி தனியா ஒரு பதிவு போடணும்.


ரவாங்_அக்கா:

ஜெர்சி7 தம்பி, கண்டிப்பா போடுங்க. என் அக்கா மகன் பத்துமலை பக்கம் ஒரு கிளப்ல பயிற்சி எடுக்கறான், அவங்க கோச்சையும் கேட்டு எழுதறேன்.

அங்கள், கடைசியா எப்ப ஸ்டேடியம் போனீங்க?


மெர்டேக்கா_கேலரி:

ஷா ஆலம் மூடறதுக்கு முன்னாலமா. இப்ப முட்டி வலி, ராத்திரி கார் ஓட்ட கண்ணு சரியில்ல, மகன் சிங்கப்பூர்ல. டிவியில பாக்கறேன், ஆனா டிவியில கீப்பர் எங்க நிக்கறான்னே காட்ட மாட்டேங்கறான், பந்து பின்னாலயே போறான்.


செந்தூல்_மேராகூனிங்:

அங்கள், நீங்க கிள்ளான்ல எந்த பக்கம்? நாங்க நாலு பேரு ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் கெலானா ஜெயா ஸ்டேடியம் போவோம், ஃபெடரல் ஹைவே தான், உங்கள வந்து ஏத்திக்கறேன், திருப்பி வீட்டுலயே விட்டுடறேன். அங்க படி கம்மியா இருக்கற பக்கமா பாத்து டிக்கெட் எடுக்கறேன், கோலுக்கு பின்னால வேணுமா சொல்லுங்க. அக்கா நீங்களும் வாங்க, தாவ்கே அண்ணனும் வந்தா சைனால் சண்டைய அங்க வெச்சுக்கலாம். நம்பர தனி மெசேஜ்ல அனுப்பிட்டேன்.


மெர்டேக்கா_கேலரி:

மெசேஜ் வந்துச்சு தம்பி. கோலுக்கு பின்னாலயே எடு. அந்த புட்சால் கீப்பர் பையனையும் கூட்டிகிட்டு வா, பக்கத்துல உக்கார வெச்சு காட்டறேன்.